திரிந்த பாலுக்கு ஒரு திருவிழா

செப்டம்பர் 20, 2024, வெள்ளி – ஃப்ரீபோர்ட், மன்ரோ

கோபி பக்கம் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் செயலாளராக இருந்தவன் நான். திரிந்த பால் என்றாலே எனக்கு வயிறு கலங்கும். கேனைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால், கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு லாக்டோமீட்டரைத் துடைப்பது போல் பாவனை செய்வேன். அப்படிப்பட்டவனை, பாலை வேண்டுமென்றே திரியவைத்து அதற்குத் திருவிழாவும் எடுக்கிற ஊருக்கு மருமகன் கூட்டிப் போகிறார்.

ஊர் மன்ரோ. விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்கு ஓரம், கிரீன் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். விழாவின் பெயர் சீஸ் டேஸ். 1914இல் தொடங்கியது. இப்போது இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும், செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் நடக்கிறது. மகள் வீடு நேப்பர்வில்லில் இருப்பதால் காரில் அரை நாள் பாடுதான். மன்ரோவில் தங்க இடமே இல்லை. நாற்பது கிலோமீட்டர் தெற்கே, இல்லினாய் எல்லைக்குள் இருக்கும் ஃப்ரீபோர்ட்டில்தான் அறை கிடைத்தது. இரண்டு கட்டில் என்று பதிவு செய்திருந்தோம், கொடுத்தது ஒரு கட்டில். ஐந்து பேர். பேரனும் நானும் தரையில்.

வழியில் ஃபாரஸ்டன் என்ற சின்ன ஊரைக் கடந்து வந்தோம். புளிக்க வைத்த முட்டைக்கோசுக்கு அங்கே ஒரு விழா உண்டாம். 1914இல் மன்ரோக்காரர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு, ‘கோசுக்கே விழா எடுக்கிறார்கள், நம்மிடம் சீஸ் இருக்கிறதே’ என்று ஊர் திரும்பியதில்தான் இது தொடங்கியது என்று மருமகன் சொன்னார். பக்கத்து ஊர்த் தேரைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கும் தேர் செய்யக் கிளம்புகிற கதைதான்.

“ஏனுங்க, புரட்டாசி பொறந்து நாலு நாளாச்சு. அங்க எனக்கு என்ன கிடைக்கும்?” என்று வீட்டில் கிளம்பும்போதே என் மனைவி கேட்டாள். “சீஸ்தானே, பால்தானே” என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் மன்ரோவுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில், முப்பது டிகிரிக்குக் குறையாது. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது. காரை எங்கோ ஒரு தெருவில் விட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்தோம். ஊர் நடுவில் 1891இல் கட்டிய நீதிமன்றம், மணிக்கூண்டுக் கோபுரத்தோடு. அதைச் சுற்றி நான்கு வீதிகள், வீதி முழுக்கக் கடைகள். கோபுரத்தைப் பார்த்ததும், எந்த வீதியில் தேர் நிற்கும் என்றுதான் என் கண் தேடியது.

பாதிப் பேர் சட்டையில் ‘சீஸ்மேக்கர்ஸ்’ என்று எழுதியிருந்தது. விழாவுக்காக அடித்தது என்று நினைத்தேன். இல்லை, அது ஊர் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணியின் பெயர். நாங்கள் தங்கியிருக்கும் ஃப்ரீபோர்ட் பள்ளி அணிக்கு ‘பிரெட்ஸல்ஸ்’ என்று பெயராம், முறுக்கிய ரொட்டி. இந்தப் பக்கத்தில் தின்பண்டத்தின் பெயரில் பந்தாடுவது வழக்கம் போலிருக்கிறது.

மிக நீளமான வரிசை ‘ஃப்ரைட் சீஸ் கர்ட்ஸ்’ கடைக்கு. என் மனைவி காதில் ‘கர்ட்’ மட்டும் விழுந்தது. “தயிரையா எண்ணெயில போடறாங்க?” என்றாள். மகள் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. பால் உறைந்து, தண்ணீர் பிரிந்தபின் கிடைக்கிற சின்னச் சின்னக் கட்டிகள் அவை. அச்சில் போட்டு அழுத்தினால் சீஸ், அழுத்தாமல் தின்றால் கர்ட். அன்றைக்குச் செய்ததைப் பச்சையாகக் கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வருகிறது, ஊதிய பலூனை விரலால் தேய்த்தது போல. ஓரிரு நாளில் சத்தம் போய்விடும், அதனால் சத்தம்தான் இங்கே புதுசு என்பதற்குச் சான்று. நம் சங்கத்தில் இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும்.

முக்கால் மணி நேரம் நின்றோம். யாரும் நெருக்கவில்லை, நுழையவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கழிப்பறைக்குப் போய் வந்தபோது அவர் இடம் அப்படியே காலியாக இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் சமையல்காரர்கள் இல்லை, ஊர்ச் சங்கத்தின் தொண்டர்கள். கையில் மாவோடு நின்ற ஒருவர், வார நாட்களில் தான் காப்பீட்டு முகவர் என்றார். எல்லோருக்கும் வாங்கியதில் 20 டாலர் தாள் ஒன்று காலி. மனசுக்குள் 83 ரூபாயால் பெருக்கிப் பார்த்தேன், பிறகு பெருக்குவதை நிறுத்திவிட்டேன். வெளியே பஜ்ஜி மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே நூல் நூலாக இழுக்கிறது. பேரன் மூக்கு வரை நூல்.

இருட்டியதும் அக்கார்டியன் வாசிக்க, எழுபது எண்பது வயதுத் தம்பதிகள் போல்கா ஆடினார்கள். வேர்க்கிறது, நிற்கவில்லை. ஒருவர் தொண்டையைக் கீழும் மேலுமாக உடைத்து யோடல் பாடினார். “அப்புச்சி, அந்தத் தாத்தாவுக்கு விக்கலா?” என்று பேரன் கேட்டான்.

செப்டம்பர் 21, சனி – மன்ரோ

புரட்டாசி முதல் சனிக்கிழமை. என் மனைவி ஐந்து மணிக்கே குளித்து, போனில் பெருமாள் படத்தை வைத்து, அறையிலிருந்த காகிதக் கோப்பையில் தண்ணீர் படைத்துக் கும்பிட்டாள். அந்த விடுதிக் காப்பியைப் பற்றி எழுத விருப்பமில்லை.

காலையில் சீஸ் செய்முறை வரலாற்று மையம். பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றும், அதன் பக்கத்தில் பண்ணையிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து வைத்த சின்னஞ்சிறு சீஸ் ஆலை ஒன்றும். ஆலை என்பது பெரிய வார்த்தை, நம் ஊர்க் கரும்பாலைக் கொட்டகை அளவுதான். நடுவில் பெரிய செப்புக் கொப்பரை. அதில் பழைய முறைப்படி சுவிஸ் சீஸ் செய்து காட்டினார்கள்.

இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். கால் கடுத்தது, நகர மனமில்லை. பால் நம் கை பொறுக்கும் சூடு. அதில் உறைமருந்தைக் கலந்தால் அரை மணியில் கெட்டியான தயிர் போல நிற்கிறது. யாழ் மாதிரி கம்பி கட்டிய சட்டம் ஒன்றை அதற்குள் இழுத்து இழுத்து அரிசி அளவுக்கு உடைக்கிறார்கள். பிறகு சூட்டை ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, விடாமல் கிண்டுகிறார்கள். ஒரு பெரியவர் ஒரு பிடி அள்ளி, கையில் அழுத்தி, விரலால் உதிர்த்துப் பார்த்தார். உதிர்ந்த விதத்தில் பதம் தெரியுமாம். வெல்லப் பாகை உருட்டிப் பார்ப்பவரின் அதே முகம். கடைசியில் வளைகிற எஃகுப் பட்டையில் துணியைக் கோத்து, அந்தப் பெரியவர் குனிந்து கொப்பரையின் அடியோடு வழித்தார். முழுவதும் துணிக்குள் வந்துவிட்டது. கப்பியில் கட்டித் தூக்கியபோது தண்ணீர் மழையாகக் கொட்டியது. கூட்டம் கைதட்டியது, நானும்தான்.

இப்படிச் செய்கிற சக்கரம் ஒன்று எண்பது தொண்ணூறு கிலோ வரும். கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் என்று வையுங்கள். அதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெதுவெதுப்பான அறையில் வைத்தால் ஒரு வகை பாக்டீரியா உள்ளிருந்து வாயு விடும். அதுதான் சுவிஸ் சீஸின் ஓட்டை. ஓட்டைக்குக் ‘கண்’ என்று பெயர். கண் விழாத சக்கரத்தைக் குருடு என்று ஒதுக்குவார்களாம்.

விஸ்கான்சினில் உரிமம் இல்லாமல் யாரும் விற்பனைக்குச் சீஸ் செய்யக் கூடாது. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இப்படி இல்லை. ‘மாஸ்டர்’ பட்டம் வேண்டுமென்றால் உரிமத்தோடு பத்து வருடம் செய்து, அதன்பின் மூன்று வருடம் படிக்க வேண்டும்.

சுவைத்துப் பார்க்கத் துண்டுகள் கொடுத்தார்கள். என் மனைவி ஒன்றை எடுத்தவள், வாயருகே கொண்டு போய் நிறுத்தினாள். “கண்ணு, அந்த உறைமருந்து எதுல செஞ்சதுன்னு கேளு” என்றாள் மகளிடம்.

அந்தக் காலத்தில் பால்குடி மறக்காத கன்றின் நாலாம் இரைப்பையைக் காயவைத்து ஊறவைத்த தண்ணீர்தான் மருந்து, இப்போது பெரும்பாலான ஆலைகளில் நுண்ணுயிரைக் கொண்டு தயாரித்தது, இரண்டும் உண்டு, உறையில் ‘என்சைம்ஸ்’ என்று மட்டும்தான் போடுவார்கள் என்று பெரியவர் நிதானமாகச் சொன்னார். மகள் தமிழில் சொல்லச் சொல்ல, என் மனைவியின் கண் என் மேல். ‘பால்தானே’ என்று சொன்ன வாய் இது. மாட்டுப்பட்டிப் பண்ணைக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போனபோது இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மறந்துவிட்டேன். பால்காரன் மறக்கக் கூடாத விஷயம்.

துண்டு என் கைக்கு வந்தது. “நேத்து தின்னது?” என்று மருமகன் மெதுவாகக் கேட்டார். “தெரியாமத் தின்னது பெருமாளுக்குத் தெரியுமுங்க மாப்பிள்ளை” என்று முடித்துவிட்டாள்.

மையத்தில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே கதையைப் பிடித்தேன். 1845இல், பயிர் பொய்த்த கஷ்டத்தில், சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாகாணத்திலிருந்து நூற்றுச் சொச்சம் பேர் கிளம்பி இந்தப் பக்கம் வந்து நியூ கிளாரஸ் என்று குடியேறினார்கள். முதலில் போட்டது கோதுமை. மண் சலித்து, பூச்சியும் விழுந்து கோதுமை கைவிட்டது. அதற்கப்புறம்தான் மாடு. நிக்கோலஸ் கெர்பர் என்பவர் 1868இல் முதல் சீஸ் ஆலையைத் தொடங்கினார். குதிரை வண்டியில் பால் கெடுவதற்குள் போய்ச் சேருகிற தூரத்துக்கு ஓர் ஆலை என்று கட்டிக் கட்டி, ஒரு காலத்தில் இந்த ஒரே கவுண்டியில் 200க்கு மேல் இருந்திருக்கின்றன. இப்போது ஒரு டஜன் அளவுதான். நல்ல ரோடும் குளிர் லாரியும் வந்தால் சின்ன ஆலைக்கு என்ன வேலை? எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருந்த பால் சேகரிப்பு இடங்கள் குளிர்விப்பு நிலையம் வந்ததும் மூடியதை நான் பார்த்தவன்.

மதியம் நீதிமன்றப் புல்வெளியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் தொத்திறைச்சிப் புகை. இனிப்பாவது தின்னலாம் என்றால் பெரிய பெரிய க்ரீம் பஃபில் முட்டை. நல்லவேளை, மகள் புளியோதரை கட்டியிருந்தாள். டப்பாவைத் திறந்ததும் பெருங்காய வாடை கிளம்ப, பக்கத்துப் பெஞ்சிலிருந்த மூதாட்டி மூக்கைச் சுருக்கி எங்கள் பக்கம் திரும்பினார். பூவேலை செய்த சுவிஸ் உடுப்பு, நெஞ்சில் வெள்ளிச் சங்கிலி. எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரோ, “அது என்ன, நான் கொஞ்சம் முகர்ந்து பார்க்கலாமா?” என்று எழுந்தே வந்துவிட்டார். ஒரு கரண்டி வாங்கித் தின்று, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னொரு கரண்டி கேட்டார். “இதைத் தின்கிறவர்கள் லிம்பர்கருக்குப் பயப்பட வேண்டாம்” என்று, வாடைக்குப் பேர்போன அந்தச் சீஸை விற்கும் கடையைக் கை காட்டினார்.

அது சதுக்கத்திலேயே இருக்கும் பாம்கார்ட்னர்ஸ். 1931இலிருந்து இருக்கிறது. முன்பக்கம் சீஸ் கடை, பின்பக்கம் பீர் குடிக்கிற இடம். கூரையில் டாலர் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வந்தவர்கள் விட்டெறிந்தது. என் மனைவியும் மகளும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நானும் மருமகனும் லிம்பர்கர் சாண்ட்விச் சொன்னோம். கறுத்த ரொட்டி, பச்சை வெங்காயம், கடுகுச் சாந்து, நடுவில் லிம்பர்கர். தட்டில் ஒரு புதினா மிட்டாயும் வந்தது, பிராயச்சித்தம்.

வாடையைச் சொல்ல வேண்டுமே. மழையில் நனைந்த பூட்ஸை இரண்டு நாள் கழித்துக் கழற்றினால் வருவது. சும்மா சொல்லவில்லை, லிம்பர்கரின் மேல்தோலில் வளர்க்கிற பிரெவிபாக்டீரியம் லினன்ஸின் சொந்தக்காரர்கள்தான் நம் பாதத்திலும் குடியிருக்கிறார்கள். ஆனால் வாய்க்குள் போனபின் வாடை எங்கோ போய்விடுகிறது. உப்பு, வெண்ணெய்ப் பதம், கடைசியில் லேசாக ஒரு கசப்பு. மூக்கும் நாக்கும் இப்படி ஒன்றையொன்று மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கருவாடு பிடித்தவர்களுக்கு விளங்கும்.

அமெரிக்காவில் இன்றைக்கு லிம்பர்கர் செய்கிற ஒரே ஆலை மன்ரோவில்தான் இருக்கிறது. அதுவும் கூட்டுறவு! அதைக் கேட்டதும் என் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. பக்கத்து ஸ்டூல்காரர் 1935இல் நடந்த சண்டையைச் சொன்னார். மன்ரோவிலிருந்து பக்கத்து அயோவா மாநிலத்தின் ஓர் ஊருக்குத் தபாலில் போன லிம்பர்கரின் வாடை தாங்காமல் அந்த ஊர்த் தபால் அதிகாரி முறையிட, மன்ரோ தபால் அதிகாரி ஜான் பர்க்ஹார்ட் சவால் விட்டு, டுபூக் நகர ஹோட்டலில் இருவரும் நேருக்கு நேர் மோந்து பார்க்கிற போட்டியே நடந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் முன்னால், அயோவாக்காரர் தனக்கு மோப்பமே கிடையாது என்று ஒப்புக்கொண்டாராம். குற்றம் சாட்டியவருக்கு மூக்கே இல்லை!

ஆசையில் ஒரு கட்டி வாங்கிவிட்டேன். அங்கேதான் தப்பு. ராத்திரி அறையின் குட்டிக் குளிர்பெட்டியில் வைத்தோம், பெட்டியின் கதவு சரியாக மூடாது. பதினொன்றரைக்கு வரவேற்பிலிருந்து தொலைபேசி. சாக்கடை அடைத்திருக்கிறதா பார்க்க ஆள் அனுப்பட்டுமா என்று பவ்வியமாகக் கேட்டார்கள். மருமகன் லுங்கியோடு போய்க் கட்டியைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு வந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு – மன்ரோ

வானம் மூடிக்கொண்டது. காற்றில் குளிர், இடையிடையே தூறல். இரண்டு நாளைக்கு முன் வேர்த்த ஊரில் இன்றைக்கு என் மனைவி என் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு ஊர்வலம். வீதியோரம் முழுக்க மடக்கு நாற்காலிகள், ஆளில்லாமல் இடம் பிடித்து நிற்கின்றன. யாரும் அவற்றைத் தொடுவதில்லை. முன்னால் வந்தது மேயரும் இல்லை, பேண்டும் இல்லை, மாடுகள். பிரவுன் சுவிஸ் மந்தை. தலையில் பூ அலங்காரம், கழுத்தில் பானை அளவு மணி. அந்த மணிச்சத்தம் தார் ரோட்டில் வருகிறபோது ஏனோ தொண்டை அடைத்தது. எனக்கு அந்த மாடு பழக்கம். 1963இல் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் பண்ணை தொடங்கி, இந்த இனத்தின் விந்தைக் கேரளத்து நாட்டு மாட்டோடு கலந்துதான் சுனந்தினி இனத்தை உண்டாக்கினார்கள். அந்தச் சாம்பல் பழுப்பு நிறம், மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம், காதுக்குள் பஞ்சு மாதிரி முடி. பயிற்சிக் காலத்தில் தடவிக் கொடுத்த மாட்டின் ஒன்றுவிட்ட அக்காக்களை இங்கே பார்க்கிறேன்.

பின்னால் ஆல்ப்ஸ் கொம்பு வந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரக்குழல், தரையில் ஊன்றி ஊதுகிறார்கள். அப்புறம் டிராக்டர்கள், டிராக்டர்கள், மறுபடியும் டிராக்டர்கள். ஒரு கட்டத்தில் எனக்குக் கொட்டாவி வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு விவசாயி, என் வயது. அறுபது மாடு கறக்கிறாராம். கொழுப்பு எவ்வளவு என்றேன். “நாலு சதவீதத்துக்கு மேல்” என்றவர், கேள்வியைக் கேட்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன்பின் ஊர்வலத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பால் விலை நூறு பவுண்டுக்குக் கணக்கு. இப்போது 23 டாலர் போல வருகிறதாம், இந்த வருடம் பரவாயில்லையாம். ஊர்வலத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன், கிலோ 42 ரூபாய் சொச்சம். ஆவின் பசும்பாலுக்கு 35 ரூபாயும் ஊக்கத்தொகை மூன்றும் என்று சொன்னதும் அவர் என் துண்டறிக்கையை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். “உங்களிடம் ஒருவருக்கு எத்தனை மாடு?” “இரண்டு, மூன்று.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “என் பையன் மாடிசனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்” என்றார், நான் எதுவும் கேட்காமலே. என் மருமகனைக் காட்டி, “இவரும்” என்றேன்.

போகும்போது என் கையைப் பிடித்தார். கை கரடுமுரடாக இருந்தது. என் கை முப்பத்தோரு வருடம் பேனா பிடித்தது, அதை அவர் கவனித்திருப்பார்.

செப்டம்பர் 23, திங்கள் – நியூ கிளாரஸ், நேப்பர்வில்

மருமகன் விடுப்புப் போட்டிருந்ததால் நியூ கிளாரஸையும் பார்த்துவிட்டோம். மர வீடுகள், பால்கனிப் பூந்தொட்டி, எல்லாம் சுவிஸ் பாணி. இந்த அலங்காரம் 1845 காலத்தது இல்லை. 1962இல் ஊருக்குச் சோறு போட்ட பால் சுண்டவைக்கும் ஆலை மூடியபின், சுற்றுலாப் பயணிகளை இழுக்கத்தான் ஊர் இந்த வேஷத்தை அழுத்தமாகப் போட்டுக்கொண்டது. அழகுதான். ஆனால் மன்ரோவின் மாவுக்கைக் காப்பீட்டு முகவரைப் பார்த்த கண்ணுக்கு இது கொஞ்சம் சினிமா செட். நேரத்தோடு கிளம்பினோம்.

திரும்பும் பயணத்தில் டிக்கியிலிருந்து வாடை மெல்ல முன்னால் வந்தது. பேரன் சட்டைக் காலரை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினான். வீட்டில் மகள் கட்டியை மூன்று உறைக்குள் போட்டு, ஊறுகாய் ஜாடிக்குள் வைத்து, கார் கொட்டகைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் தள்ளினாள்.

லிம்பர்கர் நாளாக நாளாக இளகும். முதல் வாரங்களில் உதிரும், அப்புறம் வெண்ணெய் போல் ஆகும், மூன்று மாதமானால் கிட்டப் போக முடியாது. முந்தாநாள் கடைக்காரர் சொன்ன கணக்குப்படி எங்கள் கட்டி இப்போது நடுவயதில் இருக்கிறது.

சற்று முன் தண்ணீர் எடுக்கப் போனால், கொட்டகையில் விளக்கு எரிகிறது. என் மனைவி ஜாடியைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையில் இருந்த எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். “என்-சைம்-ஸ். அவ்வளவுதான் போட்டிருக்கான், எதுல செஞ்சதுன்னு இல்ல” என்றாள். மூடியைத் திருகி, ஜாடியைத் தள்ளி வைத்தாள்.

“தின்னு தீத்துராதீங்க. ஐப்பசி ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்.”